அங்கத்தினர் இல்லாத சபை

கும்மிடிப்பூண்டி ஊராட்சி ஒன்றியக் கூட்டத்தில் தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சென்ற மாதச் செலவுக் கணக்கு ஆகியவை வரிசையாகப் படிக்கப்பட்டு, எவ்வித ஆக்ஷேபணையுமின்றி நிறைவேறியதைப் பார்த்த எவருக்கும் கொட்டாவி வந்திருப்பது இயல்பே. ஆயினும் அந்தச் சலிப்பூட்டும் காரியக்கிரமமே ஸ்தல சுயாட்சியின் ஜீவன் என்பது என் அபிப்பிராயம்.

செங்கற்பட்டு ஜில்லா போர்டின் காலந்தொட்டுப் பழகிவந்த இந்த ஏற்பாடு, 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தால் மூன்றடுக்காகி, 2019 டிசம்பரில் திருவள்ளூர் மாவட்டத்தில் தேர்தலும் கண்டு, 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, அரசு நியமித்த தனி அலுவலர்களின் பொறுப்புக்கு வந்தது. 2016-லிருந்து மூன்றாண்டுகளுக்கு மேல் இதே நிலைதான் இருந்தது என்பதை ஜனங்கள் அதற்குள் மறந்திருக்க மாட்டார்கள். பதவிக்காலம் முடியுமுன்பே தேர்தலை நடத்திவிட வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 243-E பிரிவு ஸ்பஷ்டமாகச் சொல்கிறது. சொல்லி என்ன பிரயோஜனம்?

தனி அலுவலர் திறமையற்றவர் என்பதல்ல என் வாதம். கோப்பு அவரிடம் விரைவாகவே நகரக்கூடும். ஆனால் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளின் புகையும் கழிவுநீரும் சூழ்ந்த கிராமத்தின் கிணற்றைப் பற்றி, அவ்வூர் ஓட்டினால் வந்த ஓர் அங்கத்தினர் எழுந்து கேள்வி கேட்டு, அக்கேள்வி தீர்மானப் புத்தகத்தில் ஏறி, அடுத்த கூட்டத்தில் அதற்குப் பதில் சொல்லியே தீரவேண்டிய நிர்ப்பந்தம் தனி அலுவலருக்கு யாரால் உண்டாகும்?