மழையை எண்ணும் பலகை

அம்பூரியில் மழை என்பது செய்தித்தாளில் படித்து மறந்துவிடும் விஷயமன்று. 2001ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி, பெருமழையில் அவ்வூரின் மலைச்சரிவு இடிந்து இறங்கி ஏறத்தாழ நாற்பது உயிர்களைக் கொண்டு சென்றது. நெய்யாறு நீர்த்தேக்கத்தின் கரையிலும் அதற்கு மேலுள்ள ரப்பர்த் தோட்டங்களிலும் வாழும் மக்களுக்கு ஆண்டில் இரு மழைப் பருவங்கள் உண்டு. ஒன்று இடவப்பாதி, மற்றது துலாவர்ஷம். மாலை வேளைகளில் இடியோடு திடீரெனக் கொட்டும் துலாவர்ஷத்திலேயே அன்றைய அழிவு நேர்ந்தது.

கேரளப் பள்ளிகளில் அண்மையில் ஒரு புதிய சாதனம் புகுந்திருக்கிறது. மாநில அரசின் கைட் நிறுவனம் 2018இல் 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் மன்றங்களைத் தொடங்கிற்று. 2025இல் தொடங்கிய கல்வியாண்டு முதல் பத்தாம் வகுப்பு மாணவர் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ரோபாட்டிக்ஸ் பாடம் கட்டாயமாயிற்று. இதற்கெனப் பள்ளிகளுக்கு வழங்கப்பட்ட பெட்டிகளில் ஆர்டுவினோ என்னும் சிறு மின்னணுப் பலகையும், சில உணர்விகளும், கம்பிகளும் அடங்கியுள்ளன. இப்பெட்டியைத் திறந்தவுடன் செய்யத்தக்கது யாது என்பதே இங்கு ஆராயத்தக்க விஷயம்.

பலகையின் நடுவில் இருப்பது மைக்ரோகண்ட்ரோலர் எனப்படும் நுண்கட்டுப்படுத்தி. கணக்கிடும் பகுதி, நினைவகம், வெளியுலகோடு பேசும் முனைகள் ஆகிய அனைத்தும் ஒரே சில்லில் அடங்கிய சிறு கணினி அது. சலவை இயந்திரத்திலும், மளிகைக் கடையின் மின்னணுத் தராசிலும், ஆட்டோவின் கட்டண மீட்டரிலும் அது பல ஆண்டுகளாக ஓசையின்றி வேலை செய்து வருகிறது. அச்சில்லைத் தனியே வாங்கி உபயோகிப்பது தொடக்கநிலையில் கடினம். ஆகவே மின்சாரம் பெறும் வழியும், கணினியோடு இணையும் வாயிலும், கம்பி செருகும் துளைகளும் சேர்த்து ஒரு பலகையாக அமைத்தனர். ஆர்டுவினோ 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்கென உருவாயிற்று. அவ்வூர் மதுவிடுதி ஒன்றின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. அவ்விடுதியோ 1002இல் இத்தாலியின் அரசனாக முடிசூடிய ஆர்டுவின் என்பவனின் பெயரைத் தாங்கியது. கல்விச் சாதனம் ஒன்றுக்கு இப்படியும் பெயர் வாய்ப்பதுண்டு. அதன் அமைப்புப் படங்கள் எவரும் எடுத்தாளுமாறு வெளியிடப்பட்டதே அதன் விலை மலிந்ததற்குக் காரணம்.

முதல் நாள் வேலை சிறியது. பலகையை யு.எஸ்.பி. கம்பியால் கணினியோடு இணைத்து, ஆர்டுவினோவின் இலவச மென்பொருளைத் திறந்து, பலகையின் வகையையும் அது இணைந்துள்ள வாயிலையும் தேர்ந்து, மென்பொருளிலேயே உள்ள 'பிளிங்க்' என்னும் மாதிரி நிரலை ஏற்றினால் போதும். பலகையின் மேலுள்ள சிறு விளக்கு ஒரு விநாடி எரிந்து ஒரு விநாடி அணையும். நிரலில் 1000 என்றுள்ள எண்ணை 200 என்று மாற்றி மீண்டும் ஏற்றுமாறு மாணவனிடம் சொல்ல வேண்டும். தான் எழுதிய எண்ணுக்கு விளக்கு கீழ்ப்படிவதைக் கண்ட பின் அவனுக்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது. தடங்கல் நேருமாயின் பெரும்பாலும் காரணம் அற்பமாகவே இருக்கும். மின்னூட்டத்துக்கு மட்டும் உதவும் கைப்பேசிக் கம்பியைப் பயன்படுத்துதல், தவறான வாயிலைத் தேர்தல், லினக்ஸ் கணினியாயின் அவ்வாயிலைக் கையாளும் அனுமதி பயனருக்கு வழங்கப்படாதிருத்தல் ஆகியவற்றை முதலில் சோதிக்க வேண்டும். வெளியே தனி விளக்கு இணைப்போர் 220 ஓம் அளவான மின்தடையை இடையில் வைக்க மறத்தலாகாது.

இவ்வளவோடு பல இடங்களில் வேலை நின்றுவிடுகிறது. விளக்கு மின்னியது, கை நீட்டினால் கதவு திறந்தது, கண்காட்சியில் பாராட்டுக் கிடைத்தது, பெட்டி அலமாரிக்குத் திரும்பிற்று. பாடத்திட்டத்தின் மீது குறை கூறுவதற்கில்லை. தொடக்கத்துக்கு அவை நல்ல பயிற்சிகளே. ஆயினும் ஊருக்குத் தேவைப்படும் ஒன்றை அளந்து, அளந்ததைச் சரிபார்த்து, ஓராண்டு எழுதி வைக்கும்போதுதான் இப்பலகை விளையாட்டுப் பொருள் என்ற நிலையிலிருந்து விஞ்ஞானக் கருவி என்ற நிலைக்கு உயர்கிறது. அம்பூரியையும் அதையொட்டிய எல்லைக் கிராமங்களையும் பொறுத்தவரை அளக்க வேண்டியது மழையே.

இதற்குச் சாதாரண மழைமானி போதாதா என்று கேட்கலாம். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவு பார்க்கும் சாதாரண மானி மிகவும் நம்பத்தக்கதுதான். ஆனால் அது சொல்வது 24 மணி நேரத்தின் மொத்தத்தை மட்டுமே. இந்திய வானிலைத் துறையின் வகைப்பாட்டில் ஒரு நாளில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 மி.மீ. முதல் மிகக் கனமழை. ஒரே 100 மி.மீ. மழை, நாள் முழுதும் தூறலாகப் பெய்வதும் இரண்டு மணி நேரத்தில் கொட்டுவதும் மலைச்சரிவுக்கு ஒன்றாகா. மேலும், கனமழை எச்சரிக்கை வந்தவுடன் பள்ளிக்கு விடுமுறை அறிவிக்கப்படுகிறது. அளவு மிகத் தேவைப்படும் நாளில் அளப்பவர் இருப்பதில்லை. இவ்விரு குறைகளையும் நீக்கவே பலகை வேண்டும்.

கருவியின் அமைப்பு எளிது. புனலின் கீழ் சீசா போல் ஆடும் இரட்டைக் கிண்ணம் ஒன்று இருக்கும். ஒரு கிண்ணம் நிறைந்ததும் கவிழ்ந்து மற்றதை முன்னிறுத்தும். ஒவ்வொரு கவிழ்ப்பிலும் ஒரு சிறு காந்தம் காந்தச் சுவிட்சைக் கடந்து அதை ஒரு கணம் மூடும். பலகை அதை எண்ணும். 16 செ.மீ. விட்டமுள்ள புனலின் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 200 சதுர செ.மீ. அதன்மேல் ஒரு மி.மீ. மழை பெய்தால் 20 மி.லி. நீர் சேரும். கிண்ணம் 4 மி.லி.க்குக் கவிழுமாறு திருகாணியைச் சரிசெய்தால் ஒரு கவிழ்ப்பு 0.2 மி.மீ. மழைக்குச் சமம். கனமழையின் எல்லையான 64.5 மி.மீ.ஐ எட்ட 323 கவிழ்ப்புகள் வேண்டும். பத்தாம் வகுப்புக் கணிதம் இதற்குத் தாராளம்.

ஆனால் இங்குதான் முதல் ஏமாற்றமும் காத்திருக்கிறது. சுவிட்சின் உலோக நாக்குகள் மூடும்போது சில மில்லிவிநாடிகள் துள்ளும். மனிதக் கண் ஒரு மூடலைக் காணும் இடத்தில் பலகை நான்கைந்தைக் காணும், பத்து மி.மீ. மழை நாற்பதாகிவிடும். மணிக்கு 200 மி.மீ. என்ற கொடுமழையிலும் இரு கவிழ்ப்புகளுக்கு இடையே 3.6 விநாடி இருக்குமாதலால், ஒரு மூடலுக்குப் பின் 200 மில்லிவிநாடிக்குள் வருவதைப் புறக்கணிக்குமாறு நிரலில் எழுதிவிடலாம். பின்னர் 200 மி.லி. நீரை அரை மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாகப் புனலில் விட வேண்டும். எண்ணிக்கை 50 வர வேண்டும். அதே நீரை மூன்று நிமிடத்தில் விட்டால் எண்ணிக்கை குறையும். கிண்ணம் கவிழும் அந்தச் சிறு பொழுதில் விழும் நீர் கணக்கில் சேராமையே காரணம். கடும் மழையில் கருவி குறைத்தே கூறும் என்னும் இவ்வுண்மையை மாணவர் தம் கையால் கண்டறிவது, பத்துக் கதவுகளைத் தானே திறக்கச் செய்வதைவிட மேலான பாடம்.

எண்ணியதைச் சேமிப்பதிலும் கவனம் தேவை. ஆர்டுவினோ ஊனோ வகைப் பலகையின் நிலைநினைவகம் ஒரு கிலோபைட். அதன் ஒவ்வோர் அறையிலும் ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை எழுதலாம் என்பது உற்பத்தியாளர் தரும் அளவு. விநாடிக்கு ஒருமுறை ஒரே அறையில் எழுதும் நிரல் 28 மணி நேரத்தில் அந்த ஆயுளைத் தீர்த்துவிடும். மணிக்கு ஒருமுறை எழுதுவோர்க்குக் கவலையில்லை. பலகைக்கு நாள் நேரம் தெரியாதாகையால், பட்டன் செல்லில் ஓடும் தனிக் கடிகாரச் சில்லு ஒன்றைச் சேர்க்க வேண்டும். மின்சாரமோ பெருந்தொல்லை. பலகை இடைவிடாது 50 மில்லிஆம்பியர் அளவில் குடிக்கிறது. 2000 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஆறு சிறு பேட்டரிகளைத் தொடராக இணைத்தாலும் 40 மணி நேரமே தாங்கும். சில்லை உறங்க வைக்கலாம். பலகையின் பிற உறுப்புகள் உறங்குவதில்லை. எனவே முதலாண்டில் பள்ளியின் மின்னிணைப்போடு மாற்று பேட்டரி ஒன்றையும் வைத்துக்கொள்வதே விவேகம். துலாவர்ஷத்து இடியை எண்ணி, நீண்ட கம்பிகளையும் உயர்ந்த கம்பங்களையும் தவிர்க்க வேண்டும்.

உள்நாட்டுப் பலகையையே வாங்கலாகாதா என்ற கேள்வி நியாயமானதே. திருவனந்தபுரத்திலுள்ள சி-டாக் நிறுவனம் வேகா என்னும் செயலிகளை வடிவமைத்துள்ளது. அவற்றுள் ஒன்றைக் கொண்ட தேஜஸ்32 நுண்கட்டுப்படுத்தி, 'ஏரிஸ்' என்னும் பலகைகளில் கிடைக்கிறது. ஊனோவின் சில்லு 8 பிட்டுகளும் 16 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 2 கிலோபைட் நினைவகமும் உடையது. தேஜஸ்32 சில்லுக்கோ 32 பிட்டுகள், 100 மெகாஹெர்ட்ஸ், 256 கிலோபைட். ஆர்டுவினோ மென்பொருளாலேயே அதற்கும் நிரல் எழுதலாம். அம்பூரிக்குத் தொலைவில்லாத நகரில் பிறந்த பலகை என்ற பெருமையும் உண்டு. எனினும் மழை எண்ணும் வேலைக்கு ஊனோவே மிகுதி. பெட்டியில் ஏற்கெனவே இருப்பதை விட்டுப் புதியது வாங்கக் காத்திருத்தல் ஒரு பருவத்தை இழப்பதாகும். தொடக்கக்காரர் செய்யும் பிழைகளையும் ஊனோ பொறுத்துக்கொள்ளும். அது 5 வோல்ட்டில் இயங்குவது. ஏரிஸின் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. ஒன்றுக்குரிய உணர்வியை மற்றதில் அப்படியே செருகினால் சில்லு பழுதாகலாம். இரண்டாம் ஆண்டில், அளவுகளைத் தொலைவுக்கு அனுப்பும் எண்ணம் எழும்போது ஏரிஸ் பக்கம் திரும்பலாம்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லியாக வேண்டும். பள்ளியில் செய்த கருவியை நிலச்சரிவு எச்சரிக்கைக் கருவி என்று அழைக்கலாகாது. எச்சரிக்கை விடுக்கும் பொறுப்பு வானிலைத் துறைக்கும் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கும் உரியது. புனலில் ஒரு ரப்பர் இலை அடைத்தால் கருவி 'மழையில்லை' என்றே கூறும். அதை நம்பி ஒரு குடும்பம் சரிவின் கீழ் இரவு தங்குமாயின், அக்கருவி இல்லாதிருந்ததே நன்மையாயிருக்கும். சுவரில் சிவப்பு விளக்கும் மணியும் மாட்டும் ஆசை மாணவருக்கு வருவது இயல்பு. ஆசிரியர் அதற்கு இணங்கலாகாது. கோட்டயம் மாவட்டத்து மீனச்சிலாற்றுப் படுகையிலும் வயநாட்டிலும் பொதுமக்கள் சாதாரண மழைமானிகளைக் கொண்டே அளவுகளைத் திரட்டி வருகின்றனர். அவ்வளவுகளுக்கு மதிப்புத் தந்தவை அன்றாட ஒழுங்கும் பல இடங்களின் ஒப்பீடுமே. ஆகவே பலகைக்கு அருகிலேயே சாதாரண மானி ஒன்றும் நிற்க வேண்டும். இரண்டின் அளவும் ஒரே நோட்டில் பக்கம் பக்கமாக ஏற வேண்டும். வேறுபாடு நேர்ந்த நாளில் அதன் காரணத்தையும் எழுத வேண்டும். எல்லைக்கு அப்பால் கன்னியாகுமரி மாவட்டத்து ஆறுகாணி, பத்துகாணிப் பகுதியிலும் ஒரு பள்ளி இவ்வாறே செய்யுமாயின், இடிமழை சில கிலோமீட்டருக்குள் எவ்வளவு மாறுபடுகிறது என்பது தமிழில் எழுதப்பட்ட இரு நோட்டுகளிலிருந்தே புலப்படும்.

மானிக்கு இடம் தேர்வதும் தோட்டப் பகுதியில் எளிதன்று. அருகிலுள்ள மரம் எவ்வளவு உயரமோ அதன் இருமடங்கு தூரம் விலகியிருக்க வேண்டும் என்பது நியதி. பெரும்பாலும் விளையாட்டுத் திடலின் மூலையொன்றே கிடைக்கும். பந்து படாதிருக்க வேலியும் வேண்டும். பள்ளி திறக்கும் ஜூனில் வேலையைத் தொடங்கினால், இடவப்பாதி மழையிலேயே பிழைகளைக் கண்டு திருத்தி, அக்டோபரில் துலாவர்ஷம் வருமுன் கருவியைச் செம்மை செய்துவிடலாம். மார்ச் மாதத்தில் பத்தாம் வகுப்பினர் பள்ளியை விட்டுச் செல்வர். அதற்கு முன்பே ஒன்பதாம் வகுப்பினர் இருவரைப் பழக்கி, நோட்டையும் நிரலின் பிரதியையும் வேலிப்பூட்டின் சாவியையும் அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். ஏப்ரல், மே விடுமுறையில் கோடைமழையும் பெய்யும். அந்நாட்களில் புனலைத் துடைக்கப் பள்ளிக்கு அருகில் வசிக்கும் ஒருவரைத் தலைமையாசிரியர் முன்கூட்டியே நியமித்துவிடுவது நலம்.