முடத்தெங்காய் நிற்கலாமா?

மட்டாஞ்சேரி பஜார் சாலையில் நடப்பவர் மூக்கை முதலில் எட்டுவது சுக்கின் மணம். அடுத்து வருவது மிளகின் காரம். அச்சாலையில் ஒரு கிடங்கில் என் தாய்மாமன் கணக்கு எழுதி வந்தார். பள்ளி விடுமுறை நாட்களில் நான் அங்கே போய் மூட்டைமேல் உட்கார்ந்திருப்பேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனிடம் அவர் ஒருநாளும், "இது நயம் மிளகு, இது மட்டம்" என்று சொன்னதில்லை. ஒரு பிடி அள்ளி அவன் உள்ளங்கையில் வைப்பார். "என்ன சொல்லுது, தம்பி?" என்பார். பையன் விழிப்பான், முகர்ந்து பார்ப்பான், இரண்டு மணியைக் கடித்துப் பார்ப்பான், ஏதோ ஒன்று சொல்லுவான். அதன் பிறகே மாமா லிட்டர்ப் படியில் அளந்து தராசில் வைப்பார். ஒரு லிட்டர் மிளகு 500 கிராமுக்கு மேல் நிற்கிறதா, கீழே தாழ்கிறதா என்பதைத் தராசு சொல்லும். பையன் சொல்லும் தராசின் சொல்லும் ஒத்துவர ஏறக்குறைய ஓராண்டு ஆகும். அந்த ஓராண்டும் மாமா பொறுத்திருப்பார்.

இக்காட்சியை நான் நெடுங்காலம் மறந்திருந்தேன். நினைவுக்கு வந்தபோது ஓர் இளைஞனின் வாழ்வில் என்னால் கேடு நேர்ந்துவிட்டிருந்தது. அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது.

2004-ஆம் ஆண்டில் காக்கநாட்டில் இன்ஃபோபார்க் அமைந்தது. அதன் பின்னர் மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் மென்பொருள் தொழில் கைக்கு எட்டும் தொலைவில் வந்தது. காயலைக் கடந்து வேலைக்குப் போனவர்களில் நானும் ஒருவன். சில ஆண்டுகள் கழித்து எங்கள் தெருவைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் என் பிரிவிலேயே வந்து சேர்ந்தான். அவன் வீட்டில் அவனே முதல் பட்டதாரி. "அண்ணா இருக்கும்போது எனக்கென்ன பயம்?" என்று அவன் தன் தாயிடம் சொன்னானாம்.

அந்த அண்ணன் என்ன செய்தான்? முதல் நாள் காலையில் மூன்று மணி நேரம், தான் அறிந்த யாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினான். பெரிய குறிப்பேடு ஒன்றைத் தந்து, "ஐயம் இருந்தால் கேள்" என்றான். கேட்டபோது திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதில்தான் எழுதியிருக்கிறதே" என்றான். தம்பி எழுதிய நிரலில் பிழை கண்டால், அவனை அழைத்துக் காட்டாமல் இரவோடு இரவாகத் தானே திருத்தி அனுப்பினான். அது உதவி என்று நினைத்தான்! ஐந்தாம் மாதம் அவன் விலகிக்கொண்டான். "எனக்கு இது வராதுண்ணா" என்பதே அவன் கடைசியாகச் சொன்ன சொல். உண்மையில் வராதது அவனுக்கன்று, எனக்குத்தான். நிரல் எழுத வந்த எனக்கு, அதைக் கற்பிக்க வரவில்லை.

நிற்க. மென்பொருள் தொழிலில் சிறந்தவர் யாவரும் சிறந்த வழிகாட்டியாகவும் இருப்பர் என்று நிறுவனங்கள் எண்ணுகின்றன. ஐந்து ஆண்டு அனுபவம் ஆனால் போதும். இரண்டு புதியவரைக் கையில் ஒப்படைத்துவிடுகின்றனர். நன்றாக நீந்துபவன் எல்லாம் நீச்சல் ஆசானா? நம் முன்னோர் இதை அன்றே அறிந்திருந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார், இலக்கணம் சொல்லத் தொடங்கும் முன்பே, யார் ஆசிரியர், யார் ஆசிரியர் அல்லர் என்று வரையறுத்தார். ஆசிரியர் ஆகாதவர்க்கு அவர் நான்கு உவமைகள் காட்டினார். அந்த நான்கும் இன்றைய மென்பொருள் அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கின்றன என்பேன்.

முதலாவது கழற்குடம். கழற்சிக்காய் நிரம்பிய குடத்தைக் கவிழ்த்தால், இட்ட முறையில் காய் விழாது, தாறுமாறாக உருளும். முதல் நாளிலேயே முறையின்றி எல்லாவற்றையும் கொட்டுபவர் இவரே. இரண்டாவது மடற்பனை. பழம் தானாக விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம். ஏறிப் பறிக்கப் போனால் கருக்கு அறுக்கும். நினைத்தபோது அள்ளித் தருவார்; கேட்கப் போனால் சீறுவார். மூன்றாவது பருத்திக் குண்டிகை. குறுகிய வாயுள்ள கலத்தில் அடைத்த பஞ்சு போல, கேட்ட அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகவே அவரிடமிருந்து வரும். நான்காவது முடத்தெங்கு. ஒருவர் நீர் வார்க்க, வேலிக்கு அப்பால் வளைந்து அயலார்க்குக் காய் தரும் தென்னை.

இந்த நான்காவது உவமைதான் என்னைச் சுட்டது. அந்த ஐந்து மாதங்களிலும் நான் நகரத்துத் தொழில்நுட்பக் கூட்டங்களில் மேடை ஏறினேன். முன்பின் அறியாதவர்க்கெல்லாம் நிரல் எழுதும் நுட்பம் பேசிக் கைதட்டல் பெற்றேன். என் தெரு வார்த்த நீரில் வளர்ந்தவன் நான். பக்கத்து நாற்காலியில் இருந்த என் தெருப் பையனுக்கு ஒரு காயும் விழவில்லை.

அப்படியானால் நல்ல வழிகாட்டி செய்ய வேண்டுவது யாது?

ஒன்று: தொழிலின் நுனியிலிருந்து தொடங்கவேண்டும். ஜீன் லாவ் என்னும் மானிடவியல் அறிஞர் ஆப்பிரிக்காவில் லைபீரிய நாட்டுத் தையற்காரரிடம் தொழில் பழகுவோரை ஆராய்ந்தார். எட்டியென் வெங்கருடன் 1991-இல் வெளியிட்ட நூலிலும் அதை விளக்கினார். அங்கே பையன் முதலில் பொத்தான் தைப்பான், ஓரம் மடிப்பான். பிறகு துண்டுகளை இணைத்துத் தைப்பான். துணியை வெட்டுவது கடைசிப் பாடம். ஏன்? பொத்தான் தவறினால் பிரித்துத் தைக்கலாம். வெட்டு தவறினால் துணி பாழ். முடிந்த ஆடையை நாள்தோறும் கையில் தொட்டுப் பழகியவனுக்கு, எப்படி வெட்டவேண்டும் என்பதும் மெல்லப் புலப்படும். மென்பொருளிலும் முதல் வாரத்தில் ஒரு சிறு பிழையைத் திருத்தட்டும். ஒரு சோதனை எழுதட்டும். அது வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர்வதை அவன் கண்ணால் காணட்டும். சிறியதாயினும் முழுமையான வேலை அது.

இரண்டு: "எப்படி" என்பதோடு "ஏன்" என்பதையும் சொல்லவேண்டும். டென்மார்க்கு நாட்டுக் கணினி அறிஞர் பீட்டர் நவுர் 1985-இல் ஓர் அரிய கருத்தை எழுதினார். நிரலின் உயிர் எழுத்தில் இல்லை. அதை ஆக்கியவர் உள்ளத்திலுள்ள புரிதலில் இருக்கிறது. குறிப்பேடுகளால் மட்டும் அது கைமாறாது என்பது அவர் கருத்து. ஐயமிருப்பவர் நம் மட்டாஞ்சேரியை அடுத்த வெளி மைதானத்து டோபிகானாவுக்குப் போய்ப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து தலைமுறைகளாகச் சலவைத் தொழில் செய்யும் நம்மவர், இரட்டை முறுக்குக் கயிற்றின் புரிகளுக்கிடையே துணியின் முனையைச் செருகி உலர்த்துகின்றனர். கவ்வி ஒன்றும் இல்லை. கடற்காற்றிலும் துணி பறப்பதில்லை. எந்த முனையை எவ்வளவு செருகுவது என்பது எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது? அருகில் நின்றவன் கற்றுக்கொள்கிறான். அவ்வளவே.

மூன்று: தன் பிழையை மறைக்கலாகாது. ஜெரால்டு வெயின்பர்க் 1971-லேயே, நிரலைத் தன் மானத்தோடு பிணைத்துக்கொள்ளாமல் ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துத் திருத்தும் பழக்கம் வேண்டும் என்று வற்புறுத்தினார். இன்று கோட் ரிவியூ என்கிறோம். ஆனால் பல இடங்களில் அது மூத்தவர் இளையவரைக் கேட்கும் விசாரணை மன்றமாக இருக்கிறது. மூத்தவர் எழுதியதையும் இளையவர் படித்துக் குறை சொல்லட்டும். "இந்த இடத்தில் நான் தவறினேன்" என்று பெரியவர் ஒருமுறை சொன்னால், சிறியவரின் அச்சம் பாதி தீரும்.

நான்கு: விடை சொல்லும் முன் வினா கேட்கவேண்டும். மாமா மிளகை உள்ளங்கையில் வைத்தது அதற்குத்தான். "நீ என்ன நினைத்தாய்? எங்கே தடுமாறினாய்?" என்று கேளுங்கள். தாய்மொழியில் கேளுங்கள். ஆங்கிலத்தில் திக்குபவனை அறிவில் குறைந்தவன் என்று நாம் எத்தனை முறை தவறாக எடை போட்டிருக்கிறோம்!

"நேரம் ஏது?" என்பர் சிலர். மெய்தான். காலம் கடந்த பணியில் புதிய ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் காலம் கடக்கும் என்று பிரெடரிக் புரூக்ஸ் 1975-இல் எழுதியது இதனால்தான். பழையவர் தம் வேலையை விட்டுப் புதியவரைப் பழக்கவேண்டியிருக்கிறது. ஆகவே வழிகாட்டும் நேரத்தை நிறுவனம் வேலை நேரமாகக் கணக்கிடவேண்டும். அதைத் தனிமனிதரின் தயவாக விட்டால், நெருக்கடி வரும்போது முதலில் கைவிடப்படுவது அதுவே.

"செயற்கை நுண்ணறிவு நொடியில் விடை தருகிறதே, இனி வழிகாட்டி எதற்கு?" என்று கேட்பாரும் உண்டு. விடை கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அவ்விடை சரியா என்று யார் எடை போடுவது? 1957-இல் மிளகு வணிகர் சங்கம் இங்கே யூதத் தெருவில் முன்பேர வணிகத்தைத் தொடங்கியபோது, வணிகர் கூவி விலை பேசுவர். பின்னர் கணினி வந்தது, கூக்குரல் ஓய்ந்தது. ஆயினும் மிளகை உள்ளங்கையில் கொட்டிப் பார்க்கும் பழக்கம் ஓயவில்லை. விலையைத் திரை காட்டும்; தரத்தை அறியக் கை பழகியிருக்கவேண்டும். பொறி பேசும் காலத்தில்தான் பழக்கிவிடும் மனிதர் மிகுதியும் தேவை.

மன்றத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மென்பொருள் துறையில் இருக்கும் பழைய மாணவரும், இறுதியாண்டில் படிக்கும் தோழர்களும் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் மட்டாஞ்சேரிக்கு வாருங்கள். மேடை வேண்டா, ஒலிபெருக்கி வேண்டா. ஒருவர்க்கு ஒருவர் என்று பக்கத்தில் அமர ஒரு பெஞ்சு போதும்.

அந்தத் தம்பி இன்று ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதுகிறான். சென்ற மாதம் அவனிடம் போய் என் தவற்றைச் சொன்னேன். உடனே பதில் சொல்லவில்லை. "ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்ணா" என்றான். அவன் வந்தால், இம்முறை முதலில் பேசப்போவது அவன்தான். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.