பழைய டேப் ரெக்கார்டரின் ஒயர்

பொத்தானை அழுத்தியும் விளக்கு எரியாமல், காகிதத்தை இழுக்க ஆயத்தமாகும் அந்தப் பரிச்சயமான ஓசையும் எழாமல், மேஜையின்மீது சலனமற்றுக் கிடக்கும் வீட்டுப் பிரிண்டரைக் கண்டவுடன், 'போர்டு போய்விட்டது' என்று தீர்ப்புக் கூறிவிடுவது இக்காலத்தில் சகஜமாகிவிட்டது. என் வீட்டுப் பிரிண்டருக்கும் அதே தீர்ப்புத்தான் கிடைத்தது. பழுதுபார்க்கும் நிலையமொன்றைத் தொலைபேசியில் விசாரித்தபோது, யந்திரத்தைக் கண்ணால் பாராமலேயே, புதிதாக ஒன்று வாங்குவதுதான் உசிதம் என்று சொன்னார்கள்; அதை நம்பி மூன்று மாத காலம் அதைப் பரணில் போட்டு வைத்திருந்தேன்.

பரணை ஒழித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் தகப்பனார் உபயோகித்த டேப் ரெக்கார்டரின் ஒயர் கையில் அகப்பட்டது. எட்டு என்ற எண்ணைப் படுக்க வைத்தாற்போல் இரண்டு துளைகள் கொண்ட அதன் முனை, பிரிண்டர் ஒயரின் முனையை அச்சாக ஒத்திருந்தது. மாட்டிப் பார்த்தேன், விளக்கு எரிந்தது. யந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. சுவரோரம் மடங்கி மடங்கி உள்ளுக்குள் அறுந்துபோன ஒயரே காரணம். ஒரு தலைமுறைக்கு முந்திய சாதனத்தின் ஒயர் இன்றைய யந்திரத்துக்குப் பொருந்தியது தற்செயலன்று, ஐ.இ.சி. 60320 என்னும் சர்வதேசத் தரநிர்ணயத்தில் சி7 என்று அந்த முனைக்கு இலக்கணம் வகுத்து, உற்பத்தியாளர்கள் அதை அனுசரித்து வருவதன் பயன் அது.

ஆகையால், பிரிண்டருக்கு உயிர் வரவில்லையென்றால், மின்சாரம் எந்த இடத்தில் நின்றுபோயிற்று என்பதையே முதலில் தேட வேண்டும். செல்போன் சார்ஜரைச் செருகிச் சுவர்ப் பிளக்கைப் பரீட்சித்து, எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விலக்கிவிட்டு நேரே இணைத்து, ஒயரின் இரு முனைகளும் இறுக்கமாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்த்த பின்பும் பயனில்லையென்றால், ஒயரை முற்றிலும் பிடுங்கி ஒரு நிமிஷம் பொறுத்திருந்து மீண்டும் செருக வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்குகையில் உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று தன்னைத்தானே பூட்டிக்கொள்வதுண்டு. கெப்பாசிடரில் தேங்கிய மின்சாரம் வடிந்தாலன்றி அந்தப் பூட்டுத் திறவாது. தனி அடாப்டர் உள்ள பிரிண்டருக்கு மட்டும், முனை பொருந்துகிறதே என்று வேறொரு அடாப்டரை மாட்டலாகாது. வோல்ட் அளவு மாறினால் யந்திரமே பாழாகும்.

இவற்றுக்கெல்லாம் மசியவில்லையானால், பழுது உள்ளிருக்கும் பவர் சப்ளை பலகையில் இருக்கக்கூடும். இடிமின்னலின்போது பாயும் மிகை மின்சாரத்தை வாரிஸ்டர் என்னும் சிறு வில்லை தாங்கிக்கொண்டு தான் மடிய, அதனால் ஃபியூஸ் உருகி யந்திரம் அடங்கிப்போவது எத்தனையோ வீடுகளில் நேர்கிறது. இந்த இரண்டு பாகங்களும் விலை மலிந்தவையே. ஆனால் அந்தப் பலகை இருக்கும் பெட்டியை வீட்டார் திறக்கவே கூடாது. நம் 230 வோல்ட் இணைப்பில் வேலை செய்த கெப்பாசிடர், ஒயரைப் பிடுங்கிய பின்னும் சற்று நேரம் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கக்கூடும். அது கற்றறிந்த மெக்கானிக்கின் வேலை.

அந்த மெக்கானிக்குக்கு நாம் என்ன வசதி செய்து கொடுத்திருக்கிறோம்? ஒயருக்குப் பொது இலக்கணம் கண்ட உற்பத்தியாளர்கள், பவர் சப்ளை பலகையை மாடலுக்கு மாடல் வேறாகச் செய்கிறார்கள். தனியே கேட்டால் எளிதில் கிடைப்பதில்லை. சுற்று வரைபடமும் அவன் கண்ணில் படுவதில்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தை 2022 டிசம்பர் 24 அன்று தொடங்கியதை மனமார வரவேற்கிறேன். ஆயினும் விவரம் தரும் தளம் வேறு, உதிரிபாகம் தரக் கட்டாயப்படுத்தும் சட்டம் வேறு. 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகள், பிரிண்டர் குப்பையான பிறகு அதை மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. குப்பையாகும் முன்பே அதைக் காப்பாற்றும் பொறுப்பையும் அவர்கள்மீது சுமத்துவதே நியாயம்.

பவர் சப்ளை பலகையைத் தனி உதிரிபாகமாக, விலை அச்சிட்டு, மாடல் விற்பனை நின்ற பிறகும் சில ஆண்டுகள் எந்த மெக்கானிக்குக்கும் விற்றாக வேண்டுமென்று மத்திய அரசு விதி செய்ய வேண்டும். அதுவரையில், பரணில் பிரிண்டரைப் போட்டு வைத்திருக்கும் வாசகர்கள், அதைப் பழைய சாமான்காரரிடம் கொடுப்பதற்கு முன் வேறொரு ஒயரை ஒருமுறை மாட்டிப் பாருங்கள்.