லாரி ஆயிலை டிராக்டருக்கு ஊற்றலாமா?

டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகள் டீசல் விலையைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. என்ஜின் ஆயிலைப் பற்றி அந்த அளவுக்கு யோசிப்பவர்கள் குறைவு. ஒரு டிராக்டர் ஆண்டுக்கு 500 மணி நேரம் ஓடுகிறது, மணிக்கு 4 லிட்டர் டீசல் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 2,000 லிட்டர் டீசல் ஆகிறது. அதே என்ஜினில் 8 லிட்டர் ஆயில் பிடித்து, 250 மணிக்கு ஒரு தடவை மாற்றினால், ஆண்டுக்கு வேண்டிய ஆயில் 16 லிட்டர்தான். இந்தப் பதினாறு லிட்டரில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கப் போய்த்தான் லைனர், பிஸ்டன், பேரிங் எல்லாவற்றையும் மாற்றும் பெரிய செலவில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சிறு விவசாயிக்கு அந்தச் செலவு ஒரு போக வருமானத்தையே விழுங்கிவிடும். அதிலும், தேய்ந்த என்ஜின் காலை வாருவது சேற்றுழவு நெருக்கும் நாட்களில்தான்; அப்போது வாடகை டிராக்டரும் கிடைக்காது.

சிறு விவசாயிகளிடம் உள்ள டிராக்டர்களில் பல, பழைய வண்டியாக வாங்கியவை. வண்டி கைமாறும்போது அதனுடன் வந்த கையேடு பெரும்பாலும் கைமாறுவதில்லை. ஆகவே எந்த ஆயில் ஊற்றுவது என்பதைக் கடைக்காரரோ மெக்கானிக்கோ முடிவு செய்கிறார். மெயின் ரோட்டுக் கடையில் லாரிக்காரர்கள் வாங்குவது எதுவோ, அதுவே டிராக்டருக்கும், டீசல் பம்பு செட்டுக்கும், காய்கறி ஏற்றும் சிறிய சரக்கு வண்டிக்கும் போய்ச் சேருகிறது. லாரி ஆயில் டிராக்டருக்கு ஆகுமா என்று கேட்டால், என்ஜினுக்கு ஆகும், ஆனால் அது எந்த லாரிக்கான ஆயில் என்று பார்த்து வாங்க வேண்டும் என்பதே பதில்.

கனரக லாரி என்ஜினும் டிராக்டர் என்ஜினும் ஒரே இனம். இரண்டும் பாரத்தோடு நீண்ட நேரம் உழைப்பவை. இரண்டிலும் கரி உண்டாகிறது. அந்தக் கரியைக் கட்டி தட்டவிடாமல் மிதக்க வைப்பதற்கும், டீசல் எரிவதால் வரும் அமிலத்தை முறிப்பதற்கும், உலோகத் தேய்மானத்தைத் தடுப்பதற்கும் வேண்டிய இரசாயனங்கள் இரண்டுக்குமான ஆயிலிலும் சேர்க்கப்படுகின்றன. எனவே டப்பாவின் மேல் டிராக்டர் படம் இருக்கிறதா, லாரி படம் இருக்கிறதா என்பது முக்கியமல்ல. பின்புறத்தில் சிறிய எழுத்தில் உள்ள இரண்டு குறிகளைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, எஸ்.ஏ.இ. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் எண். இது ஆயில் எவ்வளவு கெட்டியானது என்பதைச் சொல்கிறது. 15டபிள்யூ-40 என்று இருந்தால், முன்னால் உள்ள 15 குளிர்ந்த நிலையில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னால் உள்ள 40 என்ஜின் சூடேறி ஆயில் 100 டிகிரி சென்டிகிரேடில் இருக்கும்போது உள்ள கெட்டித்தன்மையையும் குறிக்கும். நம் சமவெளியில் உறைபனி கிடையாதே, பிறகு எதற்கு முன் எண் என்று சிலர் கேட்பதுண்டு. விடியற்காலையில் என்ஜினைக் கிளப்பும் முதல் சில விநாடிகளில் ஆயில் பேரிங்குகளுக்குச் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். தேய்மானத்தில் கணிசமான பங்கு அந்த நேரத்தில்தான் ஏற்படுகிறது. சமவெளி வெயிலுக்கும், ஜனவரியில் உறைபனி விழும் நீலகிரியின் உருளைக்கிழங்கு, கேரட் நிலங்களுக்கும் 15டபிள்யூ-40 பொருந்தும். சில மெதுவோட்ட பம்பு செட் என்ஜின்களுக்கு 30 அல்லது 40 என்று ஒற்றை எண் ஆயிலைத் தயாரிப்பாளரே சொல்லியிருப்பார். அங்கே அவர் சொன்னதே சரி.

என்ஜின் தேய்ந்து சத்தம் கேட்டால் இன்னும் கெட்டியான ஆயிலை ஊற்றச் சொல்வது மெக்கானிக்குகளின் பழக்கம். சத்தம் கொஞ்ச நாள் அடங்கும். தேய்ந்த பேரிங் அதனால் வளர்ந்துவிடாது. பழைய டிராக்டர் விற்பவர்களுக்கும் இந்த வித்தை தெரியும். ஆகவே வாங்கப் போகிறவர்கள், முதல் நாளே சூடாக்கி வைத்த வண்டியைப் பார்க்காமல், இரவெல்லாம் நின்று குளிர்ந்த வண்டியைத் தம் எதிரில் கிளப்பச் சொல்லிப் பார்க்க வேண்டும். பாரம் இழுக்கும்போது நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள்.

இரண்டாவது குறி ஏ.பி.ஐ. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வருவது. இது ஆயிலின் தரத்தைச் சொல்கிறது. டீசல் என்ஜினுக்கான தரம் ஆங்கில 'சி' எழுத்தில் தொடங்கும். 'எஸ்' எழுத்தில் மட்டும் தொடங்குவது பெட்ரோல் என்ஜினுக்கு உரியது. மோட்டார் சைக்கிளுக்கு வாங்கியதில் மீந்ததை பவர் டில்லரில் ஊற்றுவது தவறு. 1990-இல் வந்த சி.எஃப்.-4, 1998-இல் வந்த சி.எச்.-4, 2002-இல் வந்த சி.ஐ.-4 என்று இந்தத் தரம் படிப்படியாக உயர்ந்து வந்திருக்கிறது. சி.எஃப்.-4 கேட்கும் என்ஜினுக்கு சி.ஐ.-4 ஊற்றலாம், சி.ஐ.-4 கேட்கும் என்ஜினுக்கு சி.எஃப்.-4 ஊற்றக்கூடாது.

2016 இறுதியில் சி.கே.-4, எஃப்.ஏ.-4 என்ற இரண்டு தரங்கள் ஒன்றாக வந்தன. இங்கேதான் லாரி ஆயிலில் கவனம் வேண்டும். 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ்.-6 லாரிகளிலும் சரக்கு வண்டிகளிலும் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. ஆயில் எரிந்து உண்டாகும் சாம்பல் அதை அடைத்துவிடும் என்பதால் அவற்றுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் தேவை. சி.கே.-4 அந்த வகை. பழைய டிராக்டருக்கு அதை ஊற்றினால் பொதுவாகக் கெடுதல் இல்லை, கூடுதல் விலைக்கு ஏற்ற ஆதாயமும் இல்லை. எஃப்.ஏ.-4 அப்படி அல்ல. அது டீசலை மிச்சப்படுத்துவதற்காகச் சூட்டில் மெல்லியதாக இருக்கும்படி செய்த ஆயில். பழைய என்ஜின்களுக்கு உதவாது. மறுபக்கம், டிராக்டருக்கு வாங்கிய பழைய தர ஆயிலைப் புதிய சரக்கு வண்டியில் ஊற்றினால் வடிகட்டி கெட்டு, ஆயிலில் மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு செலவு வைக்கும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், கையேடு இல்லாத சாதாரண டிராக்டருக்கு, சீல் உடையாத டப்பாவில் உள்ள 15டபிள்யூ-40, சி.ஐ.-4 ஆயில் பெரும்பாலும் போதுமானது. இதைவிட விலை உயர்ந்ததை வாங்கச் சொல்பவர் பேச்சை நம்ப வேண்டியதில்லை. ஆனால் 50 குதிரைசக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகைக் கட்டுப்பாடு வந்துள்ளது. அவற்றுக்குக் கையேட்டில் உள்ளபடியே வாங்க வேண்டும்.

என்ஜினுக்கு ஆகும் லாரி ஆயில், டிராக்டரின் கியர் பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஆகாது. இன்றைய டிராக்டர்களில் பலவற்றில் பிரேக் தட்டுகள் ஆயிலில் மூழ்கியே வேலை செய்கின்றன. அதற்கென்று உராய்வைச் சரிப்படுத்திய தனி ஆயில் உண்டு, கடைகளில் யு.டி.டி.ஓ. என்று கேட்க வேண்டும். மீந்த என்ஜின் ஆயிலை அங்கே ஊற்றினால் பிரேக் அதிரும், சத்தம் போடும், பிடிப்பும் கெடும். பாரம் ஏற்றிய டிரெய்லருடன் ஏரிக்கரைச் சரிவில் இறங்கும்போது இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

லாரிக்காரர்களிடமிருந்து விவசாயிகள் கற்றுக்கொள்ளக் கூடாத பழக்கம் ஒன்றும் உண்டு. சில புதிய லாரிகளுக்கு 40,000 கிலோமீட்டருக்கும் மேல் ஆயில் மாற்ற வேண்டியதில்லை. மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் என்றாலும் அது 1,000 மணி நேர ஓட்டம். அதே ஆயில்தானே என்று டிராக்டரிலும் 500 மணி, 600 மணி என்று விட்டுவிடுகிறார்கள். லாரி என்ஜினில் ஆயில் பிடிக்கும் அளவே அதிகம். அது ஓடுவது தார் ரோட்டில். டிராக்டர் ஓடுவது புழுதியில். கோடை உழவில் ரோட்டவேட்டர் கிளப்பும் மண்தூள் முழுவதும் என்ஜின் மூச்சு இழுக்கும் இடத்தைச் சுற்றியே நிற்கிறது. உள்ளே போகும் மண், ஆயிலோடு கலந்து பட்டைச்சாணை போல் லைனரையும் ரிங்கையும் தேய்க்கிறது. எவ்வளவு உயர்ந்த ஆயிலானாலும் மண்ணை ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே ஆயிலைக் காப்பாற்றுவது ஏர் கிளீனர்தான். ஆயில் கிண்ணம் உள்ள வகையானால், கிண்ணத்தில் குறியிட்ட அளவுக்கு என்ஜினுக்கு ஊற்றும் அதே ஆயிலை ஊற்ற வேண்டும். குறைந்தால் தூசி தாண்டிப் போகும். கூடினால் என்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சும். புழுதி உழவு நாட்களில் கிண்ணத்தைத் தினமும் திறந்து, அடியில் படிந்த சேற்றைக் கழுவ வேண்டும். காகித வடிகட்டி உள்ள வகையில் அதைத் தரையில் தட்டுவதும் தண்ணீரில் நனைப்பதும் கூடாது. ஏர் கிளீனருக்கும் என்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயில் சிறு வெடிப்பு இருந்தாலும் பாடெல்லாம் வீண். ஆயிலுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள் இந்தக் குழாயின் கிளிப்பைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை என்பது வருந்தத்தக்கது.

டீசலில் கந்தகம் குறைந்துவிட்டதால் ஆயிலை அதிக நாள் விடலாம் என்று சொல்பவர்களும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் நூற்றில் ஒரு பங்கு வரை அனுமதிக்கப்பட்ட கந்தகம், 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைந்திருப்பது உண்மையே. அமிலத் தொல்லை குறைந்துள்ளது. கரியும் மண்ணும் குறையவில்லை. ஹவர் மீட்டர் கெட்டுப்போன வண்டியில் தினசரி ஓட்டத்தை ஒரு நோட்டில் குறித்து வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஆயில் கறுத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். டீசல் என்ஜினில் புது ஆயில் சில மணி நேரத்திலேயே கறுக்கும். கரியைத் தாங்கி நிற்கிறது என்பதே அதன் பொருள். சந்தேகம் இருந்தால், மை ஒற்றும் தாளில் சூடான ஆயிலை ஒரு சொட்டு விட்டுச் சில மணி நேரம் கழித்துப் பார்க்கலாம். கறுப்பு படிப்படியாக வெளுத்துப் பரவியிருந்தால் ஆயிலுக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. நடுவில் மட்டும் கட்டியாகக் கறுத்து, சுற்றிலும் வெளுத்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். அளவுக் கம்பியில் ஆயில் பால் விட்ட காப்பி போல் இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. ஊற்றாமலே அளவு ஏறினால் டீசலோ தண்ணீரோ இறங்குகிறது. இந்த இரண்டிலும் என்ஜினை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுவதே நல்லது.

சில்லறையாக அளந்து விற்கும் ஆயிலை வாங்கவே கூடாது. முறைப்படி சுத்திகரித்த ஆயில் வேறு. பழைய ஆயிலைத் துணியில் வடிகட்டி நிறத்தை மாற்றி விற்பது வேறு. பின்னதில் மண் போயிருக்கலாம், தீர்ந்துபோன மருந்து திரும்பி வராது. காலி டப்பாவை அப்படியே பழைய இரும்புக்காரரிடம் போடாமல் கத்தியால் கிழித்துப் போட்டால், அதிலேயே கள்ள ஆயிலை நிரப்பி விற்பவர்களுக்கு வழி அடைபடும்.

இதை விவசாயிகளின் கவனத்துக்கு மட்டும் விட்டுவிடுவது நியாயமல்ல. உரம் விற்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் சி.ஐ.-4 ஆயிலில் ஒரே ஒரு ரகத்தையாவது சீல் வைத்த டப்பாவில், ரசீதுடன் விற்க முன்வர வேண்டும். டிராக்டர் தயாரிப்பாளர்களும், எந்த ஆயில், எத்தனை லிட்டர், எத்தனை மணிக்கு ஒரு முறை என்ற மூன்று விவரங்களைத் தமிழில் தகட்டில் பொறித்து, ஆயில் ஊற்றும் மூடிக்குப் பக்கத்தில் ஆணி அடித்துக் கொடுக்க வேண்டும். கையேடு தொலைந்தாலும் தகடு வண்டியோடு போகும். லட்சக்கணக்கில் விலை வைக்கும் இயந்திரத்துக்கு ஒரு தகடு பெரிய செலவல்ல.

பழைய டிராக்டர் வாங்கியவர்கள் உள்ளே என்ன ஆயில் இருக்கிறது என்று ஆராய்ந்து கொண்டிருக்க வேண்டியதில்லை. என்ஜினைச் சூடாக்கி, முழுவதையும் வடித்து, ஆயில் பில்டரையும் சேர்த்து மாற்றிவிட்டு, அன்றைய மணிக் கணக்கையும் ஆயிலின் இரண்டு குறிகளையும் டூல் பாக்ஸ் மூடியின் உட்புறத்தில் பெயின்ட்டால் எழுதி வைக்கலாம். வடித்த ஆயிலைக் கிணற்று மேட்டிலோ வாய்க்காலிலோ கொட்டாமல், மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய ஆயில் சேகரிக்க அனுமதி பெற்றவரிடம் கொடுக்க வேண்டும்.