பெயரை மட்டும் நம்பாதீர்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களிலேயே எல்லோருடைய டாகுமெண்ட்ஸ் போல்டரும் ஒரே மாதிரி ஆகிவிடும். 'புதியது1', 'புதியது2', 'லெட்டர் பைனல்', 'லெட்டர் பைனல்2' என்று பைல்கள் வரிசையாக நிற்கும். எதில் என்ன இருக்கிறது என்று வைத்தவருக்கே தெரியாது. ஒரு நாள் சுத்தம் செய்கிறேன் என்று உட்கார்ந்து, பெயரைப் பார்த்தே டெலீட் செய்யத் தொடங்குவார்கள். இது ஆபத்தான பழக்கம் என்பது என் கருத்து. பெயரையும் உள்ளே இருப்பதையும் சேர்த்துப் பார்க்காமல் எந்த பைலையும் அழிக்கக் கூடாது.

பெயர் ஏமாற்றும் என்பதற்கு உலகறிந்த சாட்சி ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டு மே மாதம் 'ஐ லவ் யூ' வைரஸ் மின்னஞ்சல் வழியாகப் பரவியது. கூடவே வந்த பைலின் பெயர் சாதாரண டெக்ஸ்ட் பைல் போல 'டிஎக்ஸ்டி' என்று முடிந்ததாகத் தெரிந்தது. உண்மையில் அதற்குப் பின்னால் 'விபிஎஸ்' என்று இன்னொரு துணைப்பெயர் இருந்தது. அது இயங்கக்கூடிய ஸ்கிரிப்ட் பைல். துணைப்பெயரை விண்டோஸ் மறைத்துக் காட்டியதால், காதல் கடிதம் என்று நம்பிப் பலர் திறந்தார்கள். ஹார்ட் டிஸ்க்கில் இருந்த படங்களின் மேல் வைரஸ் தன்னையே எழுதிக்கொண்டது. துணைப்பெயரை மறைக்கும் வழக்கத்தை விண்டோஸ் இன்னும் விடவில்லை.

சரி, உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பது? பத்து பைல் என்றால் ஒவ்வொன்றாகத் திறக்கலாம். 200 பைல் என்றால் பொறுமை போய்விடும். இங்கேதான் ஷெல் ஸ்கிரிப்ட் கைகொடுக்கிறது. கட்டளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரு டெக்ஸ்ட் பைலில் எழுதி வைத்து, மொத்தமாக இயக்குவதுதான் ஷெல் ஸ்கிரிப்ட். லினக்ஸிலும் மேக்கிலும் டெர்மினல் என்ற பெயரில் இந்த வசதி தயாராகவே இருக்கிறது.

புதியவர்கள் முதலில் கற்கும் கட்டளை 'கேட்'. பைலில் உள்ளதை அப்படியே திரையில் கொட்டும். பல பைல்களைக் கொடுத்தால் எல்லாவற்றையும் ஒட்டிக் காட்டும். எது எந்த பைலுடையது என்று சொல்லாது. 'ஹெட்' கட்டளை இதைவிட மேல். பல பைல்களைக் கொடுத்தால், ஒவ்வொன்றின் பெயரையும் அம்புக்குறிகளுக்கு நடுவே தலைப்பாகப் போட்டு, கீழே முதல் பத்து வரிகளைக் காட்டும். ஒரு வரி போதும் என்றாலும் கேட்கலாம். 'கிரெப்' கட்டளை பல பைல்களில் ஒரு சொல்லைத் தேடும்போது, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் பைலின் பெயரைப் போடும். ஆனால் ஒரே ஒரு பைலில் தேடினால் பெயரை விட்டுவிடும். எப்போதும் பெயர் வேண்டும் என்றால் பெரிய 'எச்' என்ற ஆப்ஷனைச் சேர்க்க வேண்டும்.

பலர் வேறொரு குறுக்கு வழியைப் பிடிக்கிறார்கள். பெயர்களைத் தனியாக ஒரு பட்டியல் எடுப்பார்கள். முதல் வரிகளைத் தலைப்பு இல்லாமல் இன்னொரு பட்டியல் எடுப்பார்கள். பிறகு 'பேஸ்ட்' கட்டளையால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

காரணம் இதுதான். கணக்கு1, கணக்கு2, கணக்கு3 என்று மூன்று பைல்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இதில் கணக்கு2 காலி. பெயர்ப் பட்டியலில் மூன்று வரி வரும். காலி பைலில் வரியே இல்லாததால் மற்ற பட்டியலில் இரண்டு வரிதான் வரும். ஒட்டும்போது மூன்றாவது பைலின் வரி கணக்கு2 பக்கத்தில் போய் உட்காரும். கணக்கு3 பக்கத்தில் ஒன்றும் இருக்காது. கணக்கு3 காலி என்று நினைத்து அழித்தால், போவது உங்கள் உண்மையான கணக்கு! டெர்மினலில் 'ஆர்எம்' கட்டளையால் அழிக்கும் பைல் குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாது. எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதால், தவறு நடந்ததே தெரியாமல் போகலாம்.

ஆகவே பெயரும் உள்ளடக்கமும் ஒரே மூச்சில் வர வேண்டும். இதற்கு 'ஃபார்' லூப் நல்லது. போல்டரில் உள்ள பைல்களை ஒவ்வொன்றாக எடு, 'எக்கோ'வால் பெயரை அச்சிடு, உடனே 'ஹெட்' மூலம் அதே பைலின் முதல் வரியை அச்சிடு, அடுத்ததற்குப் போ. அவ்வளவுதான். காலி பைல் வந்தால் பெயர் மட்டும் வரும். அடுத்த பைலின் கணக்கு குழம்பாது. ஒரு எச்சரிக்கை: ஸ்கிரிப்டில் பைல் பெயரைக் குறிக்கும் மாறியை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இல்லாவிட்டால் 'பால் கணக்கு' என்ற ஒரே பைலை 'பால்', 'கணக்கு' என்று இரண்டு பைல்களாக ஷெல் எடுத்துக்கொள்ளும்.

வீட்டில் லெட்டர் அடிக்கிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அலுவலகத்தில் அழிந்த பைலை மீட்டுத்தர ஆள் இருப்பார். வீட்டில் நீங்களேதான் எல்லாம். அதனால் வீட்டில்தான் இது அதிகம் தேவை. போட்டோவையும் வேர்டு டாகுமெண்டையும் இந்த முறையில் படிக்க முடியாது என்பது உண்மை. அவற்றுக்கு 'பைல்' என்ற பெயரிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. துணைப்பெயரை நம்பாமல் உள்ளே இருப்பதைச் சோதித்து, இது எந்த வகை பைல் என்று பெயருடன் சொல்லும்.

அடுத்த முறை போல்டரைச் சுத்தம் செய்ய உட்காரும்போது, முதலில் இப்படி ஒரு பட்டியல் எடுத்துப் பாருங்கள். டெலீட் பட்டனுக்கு அப்புறம் போகலாம்.