வழுக்கும் சக்கரமும் ஒரு பாடமே

உராய்வு என்றதும் நம் மாணவர்கள் "இயக்கத்தைத் தடுக்கும் விசை" என்று ஒப்பிக்கின்றனர். விடை சரியே; ஆயினும் அது பாதி உண்மைதான். உராய்வு இல்லையேல் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். மழைக்காலத்தில் சுவா வட்டாரச் செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் சிக்கிய லோரியைக் கண்ட பிள்ளைக்கு இது தெரியும். அதைப் பாடத்தோடு இணைத்துக் காட்டுவதே நம் கடமை.

அதற்கு ஒரு பொம்மை இரயில் போதும். சாய்வான தண்டவாளத்தில் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கூட்டினால், ஒரு கட்டத்தில் எஞ்சின் நகராது. சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழலும். அங்கே குறைவது மோட்டாரின் வலிமையன்று, சக்கரத்தின் பிடிமானம். தண்டவாளத்து எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கலாம். இயக்கும் சக்கரங்களுக்கு மேல் எடை வைக்கலாம். சக்கரத்தில் இரப்பர் வளையம் மாட்டலாம். தண்டவாளத்தின் வழி மின்சாரம் பெறும் இரயிலாயின், எல்லாச் சக்கரங்களுக்கும் இரப்பர் மாட்டினால் மின்சாரமே தடைபடும். இதையும் மாணவரே கண்டறியட்டும்.

பெரிய இரயில்களுக்கும் இதே சிக்கல்தான். 1881இல் தொடங்கிய டார்ஜிலிங் மலை இரயிலில் தண்டவாளத்தின்மேல் மணல் தூவி ஏற்றம் ஏறினர். 1899இல் குன்னூரை எட்டிய நீலகிரி மலை இரயிலோ, ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றத்தில் உராய்வை மட்டும் நம்பாமல் பற்சக்கரத்தை நாடியது.

பெற்றோர்களே, பொம்மை இரயில் வழுக்கினால் உடனே வேறொன்று வாங்கித் தராதீர்கள், "ஏன் வழுக்குகிறது?" என்று கேளுங்கள். ஆசிரியர்களே, வரையறையை மனனம் செய்விக்கும் முன் இச்சோதனையைச் செய்ய விடுங்கள். மனனம் செய்த வரி, கேள்வி சற்று மாறினாலே கைகொடுக்காது.