ஆர்ட் டிவி: சுவரை வெட்டும் முன் ஒரு நிமிஷம்!

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் பல வீட்டு ஹாலில் வெல்லிங் எடுத்த ரமணர் போட்டோவைப் பார்க்கலாம். ஒரு ஆணி போதும், சுவரோடு ஒட்டி நிற்கும். டிவியையும் அப்படி மாட்டலாம் என்று 2017-ல் வந்தது சாம்சங்கின் ‘தி ஃப்ரேம்’. ஆனால், இதற்கு ஆணி மட்டும் போதாது.

என்ன சிக்கல்?

இதன் பெரும்பாலான மாடல்களில் பவர், செட்டாப் பாக்ஸ் இணைப்பெல்லாம் ‘ஒன் கனெக்ட்’ என்ற தனிப் பெட்டிக்குப் போகும். அங்கிருந்து டிவிக்கு ஒரே மெல்லிய வயர். அந்தப் பெட்டியை எங்கே வைப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்க. சாதாரண டிவி என்றால், பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பிளக்கே அதைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்திவிடும்.

சொந்த வீடா, வாடகையா?

சொந்த வீடு என்றால், பூச்சு வேலைக்கு முன்பே பைப் புதைத்துவிடுவது நல்லது. கட்டி முடித்த நாலரை இஞ்ச் சுவரை ஆழமாக வெட்டினால் சுவர் பலவீனமாகும். ஓதம் ஏறும் சுவர் வேண்டவே வேண்டாம். ஒட்டி மாட்டிய டிவிக்குப் பின்னால் ஈரம் காயாது.

இந்தப் பகுதியில் வாடகைக்கு இருப்பவர்கள் அதிகம். அவர்கள் சுவரை வெட்டவே கூடாது என்பேன். அழகு டிவியோடு போய்விடும். பள்ளத்துக்கான காசு அட்வான்ஸில் கழியும். ஸ்டாண்டில் வைத்தாலும் ஓவியம் ஓவியம்தான்.

இன்னொன்று: ஓவியம் தெரியும் நேரமெல்லாம் கரன்ட் ஓடும். சட்டம் போட்ட போட்டோவுக்கு அந்தச் செலவு இல்லை!